வெள்ளைப்புலிக்கு எத்தனை ஓட்டு?

ஜூவுக்குப் போனால் முதலில் எந்தக் கூண்டைத் தேடிப் போவீர்கள்?

மூன்று வாரமாகக் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பந்தியில், பஸ்ஸில், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று சலித்துக்கொண்டவர்கள்கூட, ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனதில்லை. யாருக்கு ஓட்டு என்று கேட்டால் மழுப்புகிற நம் ஆட்கள், எந்த மிருகம் பிடிக்கும் என்றால் பளிச்சென்று சொல்லிவிடுகிறார்கள்.

தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை மகனுக்கு வெள்ளைப்புலி. அவன் அப்பாவுக்கும் வெள்ளைப்புலி. மதுரைச் சித்தப்பாவுக்கு முதலை. ஏன் சித்தப்பா என்றால், "ரிட்டையர் ஆன மனுஷன் மாதிரி ஒரே எடத்துல கெடக்கு பாரு, அதான்" என்கிறார். அம்மாவுக்கு நீர்யானை. அது வாயைத் திறந்துவிட்டால் டிக்கெட் காசு செரித்துவிட்டது என்பது அம்மாவின் கணக்கு. சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனாருக்கு ராத்திரி சஃபாரி.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடமும் கேட்டேன். கேரட்டும் பூண்டும் போடுகிறவர். "காசு குடுத்து மிருகம் பாக்கணுமாக்கும்? பொழுது சாஞ்சதும் வேலியோரமா வந்து நில்லு, சும்மாவே காட்டுறேன்" என்றார். விடாமல் கேட்டதும், "மைசூருக்கு டூர் போனப்ப பாத்தேனே, ஒட்டகச்சிவிங்கி. அதுதான் எனக்கு. அம்புட்டு ஒசரம் வளந்தும் எவன் தோட்டத்துலயும் எறங்காம நிக்குது பாரு, அந்தக் கொணம் யாருக்கு வரும்?" என்றார்.

இதெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சு மாதிரிதான் தெரியும். ஆனால் எந்த ஜூவிலும் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதை யாரோ ஒருவர் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார். ஜனம் எதன் முன்னால் நிற்கிறதோ, அதை இன்னும் இரண்டு ஜோடி கொண்டு வரலாமா என்றுதான் அடுத்த யோசனை போகும். ஜனம் தாண்டிப் போகிற மிருகத்துக்கு இடம் சுருங்கும், பணம் சுருங்கும். எனவே 'எனக்கு வெள்ளைப்புலிதான் பிடிக்கும்' என்பது வெறும் ஆசை இல்லை. அது ஓட்டு.

இந்த ஓட்டுக் கணக்கு எனக்கு உறைத்ததற்குக் காரணம் நான் இருக்கும் ஊர். அட்டுவம்பட்டி. கொடைக்கானல் டவுனிலிருந்து வில்பட்டி போகிற பக்கம். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்கேதான் என்பதால் பெயரைக் கேட்டிருப்பீர்கள். இந்த மலையில் ஜூ கிடையாது. செண்பகனூரில் பாதிரியார்கள் 1895ல் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அங்கே மிருகங்கள் பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குள் நிற்கும். உயிரோடு பார்க்கவேண்டுமென்றால் ரோட்டுக்கு வந்தால் போதும். காட்டுமாடு நிற்கும்.

காட்டெருமை என்று டி.வி. செய்தியில் சொல்வார்கள். அது எருமை இல்லை, மாட்டு வகை. சங்கப் பாடல்களில் இதற்கு 'ஆமா' என்று பெயர். ஆ என்றால் பசுதானே. வளர்ந்த கடா ஆறடி உயரம், ஆயிரம் கிலோ எடை வரும். நான்கு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். கோபம் வந்தால் நேராகப் பாயாது, முதலில் பக்கவாட்டில் திரும்பி, முதுகைத் தூக்கி, 'என் அளவைப் பார்த்துக்கொள்' என்று காட்டும். மூச்சை உஸ்ஸென்று விடும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எழுத்து கற்பதற்கு முன்பே தெரியும். கீழேயிருந்து வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. 'திரும்பி போஸ் குடுக்குது' என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டடி முன்னால் போகிறார்கள்.

ஏன் ஊருக்குள் வருகிறது என்றால், அதற்குப் புல் வேண்டும். பழனி மலையின் உச்சிகள் ஒரு காலத்தில் புல்வெளியும் நடுநடுவே சோலைக்காடுமாக இருந்தவை. யூகலிப்டஸ், வேட்டல், பைன் என்று மரம் நட்டு நட்டு, தோட்டமும் பெருகி, 1973லிருந்து 2014க்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பைன் மரத்தடியில் புல் முளைக்காது. பங்களா முற்றத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும்தான் புல் இருக்கிறது. வருகிறது. அக்காவின் கேரட் வழியில் இருக்கிறது.

இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு ஜூவுக்குப் போகும்போது பார்வையே வேறாகத்தான் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் பேரனை, ஒன்பது வயது, எங்களோடு வண்டலூருக்கு அழைத்துப் போனோம். காட்டுமாடு இருக்கும் இடத்தில் கூட்டம் கம்பியில் சாய்ந்துகொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தது. இவன் மட்டும் பத்தடி தள்ளி ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கிட்டப் போகாதீங்க, கிட்டப் போகாதீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அகழி இருக்கிறதுடா, அது வராது என்று என் தங்கை புரியவைத்தாள். அவனுக்கு அகழி தெரியாமல் இல்லை. "அது வராது, சரி. நாம இவ்ளோ கிட்ட நிக்கிறது அதுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டான்.

அன்றைக்கு முழுக்க ஜூவில் எனக்கு அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

நம் ஊர் ஜூவின் பிறப்பே கூட்டத்தின் ஆசையில்தான். மெட்ராஸ் மியூசியத்தைக் கவனித்த எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர், பாடம் செய்த மிருகங்களைவிட உயிருள்ள மிருகத்தைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் இருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கி, 1855ல் மியூசியத்தோடு சேர்த்து ஜூவை ஆரம்பித்தார். பிறகு 1861ல் அது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. சென்னை ஜனங்கள் இரண்டுக்கும் அழகாகப் பெயர் வைத்தார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. மிருகங்கள் இருக்கும் இடம் 'உயிர் காலேஜ்'. இதைவிடச் சுருக்கமாக எந்தப் பல்கலைக்கழகமும் விளக்க முடியாது. அந்தக் கணக்கில் எங்கள் செண்பகனூர் செத்த காலேஜ்தான். காலேஜ் பாதிரியார்களே நடத்துவதால் பெயர் இன்னும் பொருத்தம்.

பீப்பிள்ஸ் பார்க்கைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுவார்கள். மூர்மார்க்கெட்டில் பழைய புஸ்தகம், அப்படியே நடந்தால் சிங்கம். கம்பிக்கு அந்தப் பக்கம் சிங்கத்தின் மூச்சு நம் மேல் படுகிற தூரம். என் மாமனார் அந்த வாசனையைக்கூட வர்ணிப்பார். வண்டலூர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "கால் வலிக்க நடந்தா, தூரத்துல ஒரு வால் தெரியுது. இதுக்கு டிக்கெட்டா?" என்பார்.

அந்த 'தூரத்து வால்' தற்செயல் இல்லை. 1985ல் வண்டலூரைத் திறந்தபோது அதுதான் திட்டமே. சுமார் 1,500 ஏக்கர் காட்டில், கம்பிக்குப் பதில் அகழி. இந்த யோசனை ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரியுடையது. ஒரு சிங்கம் எவ்வளவு தூரம் தாண்டும், ஒரு மான் எவ்வளவு உயரம் குதிக்கும் என்று அளந்து பார்த்து, அதைவிடக் கொஞ்சம் அகலமாகப் பள்ளம் வெட்டினால் கம்பியே வேண்டாம் என்று கண்டுபிடித்து, 1907ல் ஹாம்பர்க் பக்கத்தில் அப்படி ஒரு பூங்காவைத் திறந்தார். பார்க்கிறவனுக்கும் மிருகத்துக்கும் நடுவே எதுவுமே இல்லாத மாதிரி ஒரு மாயம். இன்றைக்கு உலகத்து நல்ல ஜூக்களில் பாதி அந்த மாயத்தில்தான் நிற்கிறது.

என் கணக்கில் இதில் பெரிய லாபம் மிருகத்துக்குத்தான். கம்பிக் கூண்டில் புலி எங்கே போய் நின்றாலும் நாலு பக்கமும் கண். அகழி வைத்த இடத்தில் அது புதருக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடலாம். 'எங்கே காணோமே' என்று நாம் முணுமுணுக்கிறோமே, அந்த முணுமுணுப்புதான் அதற்குக் கிடைத்த ஓய்வு. மாமனாருடைய ரசனையும் பேரனுடைய ரசனையும் மோதுகிற இடம் இதுதான். ஒருவருக்கு மூச்சு மேலே படவேண்டும். இன்னொருவனுக்கு அது மூச்சு விட இடம் வேண்டும். நான் பேரன் கட்சி.

கிட்டத்தில் பார்க்கிற சுகம் எவ்வளவு ஆழமாக நம்மைப் பிடித்திருக்கிறது என்பதற்குக் கோவை வ.உ.சி. பூங்காவைச் சொல்லலாம். கோயம்புத்தூரில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தக் குட்டி ஜூவைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். நடுநகரம், நடந்தே போகலாம், ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அதுதான் அதன் குறையும். மொத்தம் நாலரை ஏக்கர் சொச்சம். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992லிருந்து ஜூக்களுக்கு அங்கீகாரம் கொடுத்து வருகிறது; இடப்பற்றாக்குறையைக் காட்டி 2022ல் இதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. மிருகங்கள் வேறு இடங்களுக்குப் போயின. என் கல்லூரித் தோழி அன்றைக்கு குரூப்பில் அழுகை பொம்மை நாலு போட்டாள். அவளுடைய துக்கம் நிஜம். மானுக்கு அது துக்கமா என்பது வேறு கேள்வி.

சரி, வெள்ளைப்புலிக்கு வருகிறேன். நான் கேட்டவர்களில் பாதிக்கு மேல் ஓட்டு அதற்குத்தான். வண்டலூரில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கே போய்ப் பாருங்கள், திருவிழாக் கூட்டம். தத்தெடுக்கும் திட்டத்திலும் அதுதான் ராசா. 2018ல் நடிகர் சிவகார்த்திகேயன் தத்தெடுத்தது 'அனு' என்ற வெள்ளைப்புலியை. தீனிச் செலவுக்குப் பணம் தருவது நல்ல காரியம், அதில் இரண்டு பேச்சு இல்லை. என் வம்பு அந்த வெள்ளை நிறத்தோடுதான்.

வெள்ளைப்புலி தனி இனம் இல்லை. நம் வங்கப்புலிதான். நிறத்துக்கான ஒரே ஒரு மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். 2013ல் சீன விஞ்ஞானிகள் அது எது என்று கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். காட்டில் இது அபூர்வத்திலும் அபூர்வம். 1951ல் மத்தியப் பிரதேசத்து ரேவா மகாராஜா ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பெயர் வைத்து கோவிந்த்கட் அரண்மனையில் வளர்த்தார். சாதாரண நிறப் பெண்புலியோடு சேர்த்தார்கள். குட்டிகள் பிறந்தன, ஒன்றுகூட வெள்ளை இல்லை. அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? மோகனை அதன் மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958ல் நான்கு வெள்ளைக் குட்டிகள். அதில் ஒன்றுதான் மோகினி. 1960ல் வாஷிங்டனுக்குப் போய் அமெரிக்க அதிபர் ஐசனோவரே வரவேற்ற மோகினி. உலக ஜூக்களில் இன்றிருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை இந்த அப்பா மகள் வழி வந்தவைதான்.

1980ல் ஒடிசாவின் நந்தன்கானனில் சாதாரண நிறப் பெற்றோருக்கே வெள்ளைக் குட்டிகள் பிறந்தன என்பதும் உண்மை. ஆனால் வெள்ளை வேண்டும், வெள்ளை வேண்டும் என்று எல்லா ஊரும் கேட்கக் கேட்க, நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததுதான் நடந்தது. சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று நம் வீட்டில் டாக்டர் சொல்வதைப் புலியிடம் யாரும் சொல்லவில்லை. இது போதாதென்று, அந்த நிறத்தோடு சேர்ந்து கண்ணும் கெடுகிறது. பார்வை நரம்புகள் மூளைக்குப் போகும் வழி இயல்பாக இருப்பதில்லை. அதனால் பல வெள்ளைப்புலிகளுக்கு மாறுகண். நீலக்கண் என்று நாம் வியக்கிற அதே கண். அமெரிக்க ஜூக்களின் சங்கம் 2011ல் தன் உறுப்பினர்களிடம், நிறத்துக்காகவே இனவிருத்தி செய்வதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டது.

புலியைக் காப்பாற்ற இது உதவுகிறதா என்றால், உதவவில்லை. காட்டில் மறைந்து வேட்டையாடும் மிருகத்துக்கு வெள்ளை நிறம் எந்த வகையில் உதவும்? பக்கத்திலேயே இருக்கிறது மஞ்சள் புலி, பத்து பேர்கூட நிற்பதில்லை. "அது சாதாரணப் புலி சித்தி" என்றான் தங்கை மகன். சாதாரணப் புலியாம்! அதைக் காப்பாற்றத்தான் இந்த நாடே 1973லிருந்து திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது.

திட்டவில்லை அவனை. மோகன், ராதா கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தவன், "அப்போ அதுக்கு நான்தான் காரணமா?" என்றான். பாதி காரணம் என்றேன். இதில் வயதுக்கு விலக்கு இல்லை.

இனி சித்தப்பாவின் முதலை. இது எங்கள் மலையோடு தொடர்புடைய கதை என்பது பலருக்குத் தெரியாது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையை 1976ல் ஆரம்பித்த ராமுலஸ் விட்டேகர், கொடைக்கானல் பள்ளியில் படித்தவர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்து இந்தியராகவே ஆகிவிட்டவர். ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வளர்த்தாராம். எந்த வார்டனுக்கு வந்த சோதனையோ. முதலில் சென்னையில் பாம்புப் பண்ணை, அப்புறம் முதலை. அந்தக் காலத்தில் தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி நம் ஆறுகளில் முதலையே அருகிப் போயிருந்தது. காப்பாற்றி வைக்கத்தான் அந்தப் பண்ணை.

அங்கே 'ஜாஸ்' என்று பெயர் வைத்த உப்புநீர் முதலை பல வருஷம் நட்சத்திரம். பதினாறு அடிக்கு மேல் நீளம். அதைப் பார்க்கப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் கேள்வி, "உயிரோட இருக்கா?" ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். தூங்கவில்லை, உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. அசையாமல் இருப்பதுதான் அதன் தொழில். நம் ஆட்களுக்கு அது பொறுப்பதில்லை. ஒரு சின்னக் கல், ஒரு பாட்டில் மூடி. ஜூவில் மிருகத்தைச் சீண்டுவது சட்டப்படி குற்றம், ஜெயில்வரை போகலாம் என்று போர்டு இருக்கும். போர்டுக்கு முன்னால் நின்றுதான் எறிவார்கள். சித்தப்பா ஒரு தடவை அப்படி எறிந்த காலேஜ் பையனிடம், "தம்பி, உங்க தாத்தா தூங்கும்போதும் இப்படித்தான் எறிஞ்சு பாப்பியா?" என்று கேட்டாராம். அவன் சாரி அங்கிள் என்று ஓடிவிட்டான்.

அந்த வளாகத்தில் எனக்குப் பிடித்தது முதலைகூட இல்லை. இருளர்கள் பாம்பிடமிருந்து விஷம் எடுத்துக் காட்டுவது. 1978ல் ஆரம்பித்த அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. பானைக்குள் கைவிட்டு எடுக்கிற அந்த நிதானத்தைப் பார்க்கவேண்டும். பாம்பைப் பார்ப்பதைவிட, பாம்பைத் தெரிந்த மனிதரைப் பார்ப்பது எனக்குப் பெரிய காட்சி. 2023ல் இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, அதை டி.வி.யில் பார்த்தபோது அந்தப் பானைதான் ஞாபகம் வந்தது.

நாத்தனாரின் சிங்கப்பூர் ராத்திரி சஃபாரி பற்றியும் சொல்லவேண்டும். 1994ல் திறந்தபோது உலகத்திலேயே முதல் இரவு ஜூ. மிருகங்களில் பெரும்பகுதி இருட்டில்தான் நடமாடும். நாம் பகலில் போய்ப் பார்த்துவிட்டு 'தூங்குமூஞ்சி' என்று திட்டுகிறோம். நிலா வெளிச்சம் மாதிரி மங்கலான விளக்கில், அவை விழித்திருக்கும் நேரத்துக்கு நாம் போவது என்பது மரியாதையான யோசனை. ஃபிளாஷ் போடக்கூடாது, சத்தம் கூடாது.

அவள் அங்கே பார்த்த பெரிய கண் மிருகங்களை வர்ணித்தபோது, "நம்ம மாவட்டத்துலயே இருக்குடி, தேவாங்கு" என்றேன். நம்பவில்லை. யாரையாவது திட்டவேண்டுமென்றால் 'தேவாங்கு மாதிரி' என்போமே தவிர, பார்த்தவர்கள் எத்தனை பேர்? திண்டுக்கல், கரூர் மாவட்டத்துக் காடுகளைச் சேர்த்து 2022ல் கடவூரில் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள், நாட்டிலேயே முதல். கைக்குள் அடங்கும் உடம்பு, முகம் முழுக்கக் கண், ராத்திரி முழுக்கப் பூச்சி தின்கிற வேலை. விவசாயிக்கு உபகாரம். சத்தம் போடாது, தோட்டத்தை மிதிக்காது. அக்காவிடம் சொன்னால் ஒட்டகச்சிவிங்கியை மாற்றிக்கொள்வாரோ என்னவோ.

கேட்ட கேள்விக்கு என் பதிலையும் சொல்லவேண்டும் இல்லையா? எனக்குச் சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. காட்டில் மிஞ்சியிருப்பது சில ஆயிரம். கேரளத்தில் சைலன்ட் வேலியில் அணை கட்டக்கூடாது என்று நடந்த போராட்டத்துக்கு இதன் முகம்தான் சின்னம். அணை நின்றது, 1984ல் அது தேசியப் பூங்கா ஆனது. ஒரு குரங்கு ஒரு அணையை நிறுத்தியிருக்கிறது. இவற்றைக் கூட்டில் வைத்து இனத்தைப் பெருக்கும் தேசிய முயற்சியை ஒருங்கிணைக்கும் ஜூ எது தெரியுமா? வெள்ளைப்புலியைப் பார்க்க நாம் ஓடுகிற அதே வண்டலூர்தான்.

ஆளே இல்லாத அந்த இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கன்னத்துப் பைக்குள் பழத்தை அடைத்துக்கொண்டு, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று ஒரு குடும்ப அரசியலே நடக்கும். பெரியதுகளுக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. புதிதாகப் பிறந்த குட்டிக்கு அது இருக்காது, பிறகுதான் வளரும். நாங்கள் போன அன்று ஒரு தாய் குட்டியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி நழுவப் பார்க்கும், தாய் காலைப் பிடித்து இழுக்கும். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் பெண்ணின் ஜடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒரு குரங்கு நடுவில் எழுந்து எங்களைப் பார்க்காமலேயே மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. பேரனுக்கு அதுதான் பிடித்தது.

கூண்டே வேண்டாம் என்பவர்களுக்கு மூணாறு பக்கம் இரவிகுளம் இருக்கிறது. வரையாடு, நம் மாநில விலங்கு. இங்கே பழனி மலையின் பாறை விளிம்புகளில் கொஞ்சம் உண்டு, பார்ப்பது கஷ்டம். 2024ல் தமிழ்நாடு முழுக்க எண்ணியதே 1,031தான். இரவிகுளத்தில் அவை மனிதரைக் கண்டு ஓடுவதில்லை, ரோட்டோரமே மேயும். ஆனால் குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி மார்ச்சில், பூங்காவையே மூடிவிடுவார்கள். பணம் எவ்வளவு போனாலும் கதவு சாத்தியதுதான். அந்தச் சாத்திய கதவுக்கு என் ஓட்டு உண்டு.

லீவில் வண்டலூர் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. செவ்வாய்க்கிழமை போய் நிற்காதீர்கள், விடுமுறை. காலையில் திறந்ததும் போங்கள். வெயில் ஏறினால் மிருகங்கள் நிழலுக்குப் போய்விடும், அதுவும் புத்திதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடவேண்டும் என்று பேட்டரி வண்டியில் பறக்காமல், ஐந்து மிருகம் போதும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். போனைப் பைக்குள் வைத்தால் நல்லது, வைக்காவிட்டால் ஃபிளாஷையாவது அணையுங்கள்.

தங்கை வீட்டில் இந்த வருஷம் பிறந்தநாள் கேக் வேண்டாம், ஜூவில் ஒரு மிருகத்தின் தீனிக்குப் பணம் கட்டலாம் என்று முடிவாகியிருக்கிறது. சின்னப் பறவையிலிருந்து யானை வரை தத்தெடுக்கலாம், வசதிக்கேற்ற மாதிரி. எதை என்பதுதான் தகராறு. மாப்பிள்ளை இன்னும் வெள்ளைப்புலியில் நிற்கிறார். தங்கை காட்டுமாடு என்கிறாள், அக்காவின் பேரன் போனில் அதற்குத்தான் ஆதரவு. பிறந்தநாள் கொண்டாடப் போகிறவன் நேற்று ராத்திரி குரூப்பில் ஒரே வரி போட்டிருந்தான்: "சித்தி, சாதாரணப் புலிக்கு எவ்ளோ ஆகும்?"